எந்தக் கரண்டி?

ஆனைகட்டியில் கோயமுத்தூர் பஸ் திரும்பி நிற்கிற இடத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. நான் வந்து சேரும்போது ஒரு பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது வரும்போது வரும். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. பாலத்தைத் தாண்டினால் பலகைகளில் எழுத்து மாறும், டீ சாயாவாகும், 2003-ல் தமிழ்நாடு நிறுத்திய லாட்டரிச் சீட்டு கிளிப்பில் தொங்கும். பேச்சு மட்டும் பாலத்தைப் பார்த்து மாறுவதில்லை. தமிழில் ஏறி மலையாளத்தில் இறங்குகிற வாக்கியங்கள் இங்கே சாதாரணம்.

பக்கத்துப் பெஞ்சில் மூன்று பிள்ளைகள். இரண்டு பெண்கள், ஒரு பையன். கல்லூரி அட்டையைப் பட்டையோடு சுருட்டிப் பைக்குள் போட்டிருந்தார்கள். விஸ்காம் மாணவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பையனிடம் டிரைபாட் பை. கண்ணாடி போட்டவளிடம் லேப்டாப். மூன்றாமவள் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கோடு போடாத நோட்டை வைத்திருந்தாள். அவள் அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதனாலேயோ என்னவோ அவள்மேல்தான் என் கண் நின்றது.

மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலப்பது எப்படி என்று அது சொல்லித்தர வேண்டும். படம் எடுக்கும் முன் ‘ரிசர்ச் பிளான்’ திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கண்ணாடிக்காரி தலைப்புகளை வாசித்தாள்: யாருக்கு, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எங்கே வைத்துப் பார்ப்பார்கள், பார்த்து முடித்ததும் என்ன செய்யத் தெரிய வேண்டும். நாலும் நல்ல கேள்விகள். நாலுக்கும் விடையை ஹாஸ்டலிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள் என்பதுதான் சங்கடம். ‘யாருக்கு’ என்பதற்கு எதிரே ‘கிராமத்துத் தாய்மார்கள், வயது 20 முதல் 35’ என்று இருந்தது. ஆனைகட்டிக்கு வந்தது அந்த விடைகளுக்குச் சாட்சி தேடித்தான்.

முதல் சாட்சி கடைக்கார அக்கா. பால் பொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, உங்ககிட்ட ஸ்மார்ட்போன் இருக்குங்களா?”

“இருக்குது கண்ணு.”

“ஓ.ஆர்.எஸ். பத்தித் தெரியுங்களா?”

“தெரியும் தெரியும்.”

“வீடியோ பார்த்துக் கத்துக்கறது உங்களுக்கு ஈஸியா இருக்குமுங்களா? ரொம்ப ஈஸி, ஈஸி, கஷ்டம்...”

“ஈஸிதான்.”

பையன் மூன்று டிக் அடித்தான். அக்கா அடுப்பைத் தணித்தாள். வாடிக்கைக்கு வந்த பிள்ளைகளிடம் எந்த அக்கா ‘தெரியாது’ என்று சொல்வாள்? கொங்குச் சீமையில் மூஞ்சிக்கு நேரே ‘இல்லை’ சொல்வது மரியாதைக் குறைவு. 1990-ல் தொடங்கிய சலீம் அலி பறவையியல் மையம் இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் காட்டுக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்து, பறவை எதைத் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். பறவையிடம் கேள்வித்தாள் நீட்டுவதில்லை.

சோலையூர்ப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவரின் போனில் நஞ்சியம்மாவின் பாட்டு அடித்தது. 2020-ல் வந்த மலையாளப் படத்துக்கு அந்த அட்டப்பாடி அம்மா தன் இருள மொழியில் பாடியது, 2022-ல் தேசிய விருதும் வாங்கிக்கொடுத்தது. பையன் மெட்டை விசிலடித்தான். சொற்கள் அவனுக்குப் புரிந்திருக்காது. புரிந்த மாதிரி தலையாட்டினான். ஜீப்பிலிருந்து இறங்கியவர்களில் ஒரு பாட்டி இடுப்பில் ரெண்டு வயசுப் பேரனுடன் கடைக்குள் வந்தார். ஒரு டீ, ஒரு பன். பன்னைப் பிய்த்துப் பிய்த்துக் குழந்தையின் வாயில் வைத்தார்.

“பாட்டி, ஒரு வீடியோ பாக்கறீங்களா? கொழந்தைக்கு வயித்தால போனா என்ன பண்றதுன்னு.” இதைக் கேட்டது நோட்டுக்காரி. ‘வயிற்றுப்போக்கு’ என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாட்டி நிமிர்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

“போடு கண்ணு.”

மாதிரிக்கு ஹாஸ்டல் அறையில் எடுத்த படம் அது. கண்ணாடிக்காரி போனை நீட்டிப் பிடித்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, பாட்டியின் கண்ணைப் பார்த்தேன். முதலில் ஒரு முத்திரை சுழன்று நின்றது, இசை வந்தது, ‘வணக்கம் நண்பர்களே’ வந்தது. பாட்டி போனைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார், பிறகு ஜீப்பை, பிறகு குழந்தையின் மூக்கை. கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கிப் பன் இருந்த தட்டை நோட்டம் விட்டது. பாட்டியின் கண் முழுக்க அதன்மேல் போனது. கடைக்கார அக்கா கரண்டியைத் தட்டி அதைத் துரத்தினாள். திரும்பி வந்த கண் திரையில் நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளையாக எதையோ அள்ளித் தண்ணீரில் கொட்டுகிற காட்சி. அப்போது குழந்தை கையை ஆட்டியும் பாட்டி திரும்பவில்லை.

அமெரிக்காவில் 1969-ல் ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொடங்கும்போது எட்வர்ட் பால்மர் என்ற ஆராய்ச்சியாளர் இதையேதான் செய்தார். குழந்தையை டி.வி. முன் உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை வினாடிக்கு ஒரு ஸ்லைடு மாற்றினார். எந்தக் காட்சியில் கண் ஸ்லைடுக்குத் தாவுகிறது, எந்தக் காட்சியில் தாவவில்லை என்று குறித்துக்கொண்டே போனார்கள். தாவிய இடங்களைத் திருத்தினார்கள். ‘பிடிச்சிருக்கா பாப்பா’ என்று கேட்டு அந்த விடை கிடைத்திருக்காது. ஆனைகட்டியில் ஸ்லைடு மெஷின் வேலையைக் குரங்கு இலவசமாகச் செய்துவிட்டுப் போனது. குறித்துக்கொள்ளத்தான் ஆளில்லை என்று நினைத்தேன். நோட்டுக்காரி ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருந்துச்சு பாட்டி?”

“நல்லா இருக்குது.”

பையன் டிக் அடித்தான்.

“எந்தக் கரண்டி?” என்றார் பாட்டி.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் குரல் சொன்னது ‘ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு லிட்டர் தண்ணீர்’. அளவு சரிதான். ஆனால் ஜீப் உறுமலில் ‘தே’ போய் ‘கரண்டி’ மட்டும் மிஞ்சியிருந்தது. நம் வீடுகளில் கரண்டி என்றால் குழம்பு ஊற்றுவது. மற்றது ஸ்பூன். தேக்கரண்டி என்ற சொல் சமையல் குறிப்புகளில் மட்டும் வசிக்கிறது. அதை வாயால் சொல்லி யாராவது கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

“ஸ்பூன் பாட்டி. படத்துல காட்டினோமே?”

கண்ணாடிக்காரி அந்தக் காட்சியை நிறுத்திக் காட்டினாள். அழகான க்ளோசப். கறுப்புத் துணிமேல் ஒரு ஸ்பூன், ஸ்பூனில் உப்பு, பக்கவாட்டு வெளிச்சம். கோணத்துக்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் திரை முழுக்க ஒரு ஸ்பூனை நிரப்பினால் அது ஸ்பூனா கரண்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு கை இல்லை, ஒரு டம்ளர் இல்லை. கடைக்கார அக்கா பேசாமல் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்: டீ கலக்குகிற நீளக்காம்பு, சர்க்கரை டப்பாவில் கிடக்கிற பெரிய ஸ்பூன், சாம்பார் கரண்டி. “எது?” என்றாள்.

பையன் போனில் தேடினான். ஐந்து மில்லி என்று வந்தது. ஐந்து மில்லி எது என்று மேஜைமேல் இருந்த எதிலும் எழுதியிருக்கவில்லை. குழம்புக் கரண்டியில் பாதி உப்பு என்றால் வேண்டியதைப் போலப் பத்து மடங்காவது இருக்கும். கைக்குழந்தையின் உடம்பு அதைத் தாங்காது.

எனக்கு நாக்கு அரித்தது. இந்த ஸ்பூன் வழக்கு பழையது. பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு 1980 தொடங்கிப் பத்தாண்டில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் படியேறி இதே கரைசலைச் சொல்லிக்கொடுத்தது. வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேறு என்பதால் அவர்கள் ஸ்பூனையே விட்டுவிட்டார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார்கள் என்று பார்த்துத் தரப்படவில்லை. பிற்பாடு வேறொருவர் போய்ப் பார்க்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு. இன்னொன்றும் நடந்தது. நினைவிருந்தும் நிறையப் பேர் கலக்கவில்லை. ஏன் என்று கிளறினால், சொல்லிக்கொடுத்தவர்களே தங்களுக்கு வந்தபோது மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டது தெரிந்தது. எல்லாம் தொண்டை வரை வந்தது. டீயோடு விழுங்கினேன். பக்கத்துப் பெஞ்சுக்காரன் வாத்தியாராக மாறினால் அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், பாட்டியைப் பார்க்கமாட்டார்கள்.

நோட்டுக்காரி பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “வீட்டுல எப்படிக் கலக்குவீங்க பாட்டி? செஞ்சு காட்டறீங்களா?”

அன்றைக்கு அந்தப் பெஞ்சில் கேட்கப்பட்ட உருப்படியான ஒரே கேள்வி அதுதான். அக்காவின் ‘தெரியும் தெரியும்’ எல்லாம் அதற்குமுன் காகிதம்.

பாட்டி சிரித்தார். சர்க்கரையும் உப்பும் கலக்குவதில்லையாம். “ஆஸ்பத்திரியில பாக்கெட்டு குடுப்பாங்க.” பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டருக்கு உள்ளது. அதைக் கலக்குவது எப்படி? காலி டம்ளரை எடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பாக்கெட்டின் முனையைக் கிழிக்கிற மாதிரி காட்டி, டம்ளரில் பாதி கொட்டுகிற மாதிரி கவிழ்த்து, மிச்சத்தை மடித்து ஓலையிடுக்கில் செருகுகிற மாதிரி செய்தார்.

“அது ஒரு லிட்டர்ல முழுசாக் கலக்கணுமே பாட்டி.”

“இத்தூண்டு புள்ள அத்தன தண்ணி குடிக்குமா?”

பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. குழந்தை குடிப்பது அரை டம்ளர். அரை டம்ளருக்குத் தக்கபடி மருந்தைக் குறைத்தார். தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கலக்கிய தண்ணீர் ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத்தான், மிச்சத்தை மறுநாள் கொட்டிவிட வேண்டும் என்பது பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாத எழுத்து அது.

“பையனோட அம்மா?”

“வேலைக்குப் போயிட்டா. பகலெல்லாம் என்றகிட்டத்தான்.”

நோட்டில் ‘20 முதல் 35’ அடிபட்டது. எனக்குப் பேனா நகர்ந்தது தெரிந்தது.

அதன்பிறகு மூவரும் தங்களுக்குள் சண்டை போட்டார்கள், அடங்கிய குரலில். வீடியோவின் தலைப்பையே மாற்ற வேண்டும் என்றாள் நோட்டுக்காரி. பாக்கெட்டும் பாட்டிலும் போதும், ஸ்பூன் வேண்டாம் என்றாள். பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு என்ன செய்வது என்றான் பையன். அவன் கேட்டதும் சரி. எந்தத் தமிழில் பேசுவது என்ற இடத்தில் கண்ணாடிக்காரி மடிக்கணினியை மூடியே விட்டாள். அட்டப்பாடியில் ஏறக்குறைய 190 பழங்குடி ஊர்கள். இருளர், முடுகர், குறும்பர் பேச்சு மூன்றும் தனி. கொரோனா வந்து 2020 ஜூனில் கேரளம் விக்டர்ஸ் சேனலில் பாடம் நடத்தியபோது, இங்குள்ள பிள்ளைகளுக்காக அதே பாடங்களை அந்த மூன்று பேச்சிலும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இவர்கள் கையில் இருப்பது மூன்று நிமிடமும் ஒரு டிரைபாடும்.

“பேச்சே இல்லாம எடுத்தா?” என்றாள் நோட்டுக்காரி. எப்படியும் ஜீப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பதில் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. அவள் கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கினாள். டூரிஸ்ட்டுகள் புண்ணியத்தில் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் இருக்கிற ஒரே அளவுப் பாத்திரம் அது. அக்காவிடம் சர்க்கரையும் உப்பும் கேட்டாள். மருந்து பாட்டில் மூடி ஒன்று அக்காவின் பையில் கிடந்தது, கோடு போட்டது. அதில் ஐந்து மில்லி கோடு வரை ஆறு முறை சர்க்கரை, இரண்டரைக் கோடு வரை ஒரு முறை உப்பு. பாட்டிலை மூடிக் குலுக்கினாள். ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார்கள். எனக்கும் நீட்டினாள். குடித்தேன். கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்பார்கள். அந்த அளவில்தான் இருந்தது.

பாட்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “உப்பே பத்தலியே கண்ணு. இன்னும் ஒரு கல்லு போடோணும்.”

கண்ணாடிக்காரி ‘ஐயோ வேண்டாம் பாட்டி’ என்று பதறினாள். நோட்டுக்காரி பதறவில்லை. புதுப் பக்கம் திருப்பி, பாட்டி சொன்னதை அப்படியே எழுதினாள், ‘போடோணும்’ உட்பட. எழுதி முடித்து அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

கோயமுத்தூர் பஸ் வந்து திரும்பியது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாய்ந்து பார்த்தபோது, மேஜைமேல் ஸ்பூனும் அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமும் இருந்தன. பாட்டியின் கை நாணயத்தை அசையாமல் பிடித்திருந்தது. பெஞ்சின்மேல் ஏறி நின்று நோட்டுக்காரி மேலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாட்டிலைக் கட்டிப்பிடித்து மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது.