ஆலய வாயிலில் ஓர் அணையாத் தணல்

794ஆம் ஆண்டு முதலாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் யப்பானிய மன்னரின் தலைநகராய் விளங்கிய பெருமை கியோட்டோ நகருக்கு உரியது. அந்நகரின் வடபாகத்திலே இமாமியா ஆலயம் அமைந்துள்ளது. 994இல் கொள்ளைநோய் பரவியபோது, அது தணிய வேண்டி அயலிலுள்ள குன்றொன்றில் விழா எடுத்தனர். 1001இல் நோய் மீண்டும் தலைகாட்டவே, ஆலயம் இன்றைய இடத்தில் நிலைபெற்றது.

இவ்வாலயத்தின் கிழக்கு வாயிலை அணுகும்போது நம்மை முதலில் எதிர்கொள்வது கரித்தணலின் மணமே. கல் பாவிய ஒழுங்கையின் இருமருங்கும் இரண்டு பழைய மரக் கட்டிடங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இரண்டும் சிற்றுண்டிச்சாலைகள். அவற்றுள் இச்சிவா என்பது 1000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது என்பது அக்குடும்பத்தாரின் மரபு. இருபத்தைந்து தலைமுறைகளாக ஒரே குடும்பம் அதனை நடத்தி வருகின்றது.

அங்கே கிடைக்கும் பண்டம் ஒன்றே ஒன்று. அபுரி மோச்சி என்பது அதன் பெயர். பசைத்தன்மை மிக்க அரிசியை அவித்து இடித்து, பெருவிரலளவாகக் கிள்ளி, வறுத்த சோயா மாவிற் புரட்டி, மூங்கில் ஈர்க்கிற் குத்தித் தணலில் வாட்டுவர். ஓரம் சற்றே கருகியதும், வெண்மிசோ என்னும் இனிப்பும் உவர்ப்பும் கலந்த குழம்பை மேலே வார்த்துத் தேநீருடன் தருவர். தணலின் முன் அமர்ந்து இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. இதனை உண்டால் நோய் அணுகாது என்பது ஊரார் நம்பிக்கை. ஆகவே, வழிபட வந்தவர் இங்கு அமர்ந்து உண்ட பின்னரே வீடு திரும்புவர்.

இத்துணைச் சிறிய கடை இத்துணை நெடுங்காலம் நிலைத்தது எவ்வாறு? 1467இல் மூண்டு பத்தாண்டுகள் நீடித்த ஓனின் போரில் நகரின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. அக்காலத்திலும் பஞ்சக் காலங்களிலும் பசித்தோர்க்கு இப்பண்டம் வழங்கப்பட்டதென்று கூறுவர். பொருளீட்டுவதிலும் பார்க்க, அடியார்க்குப் பசியாற்றுவதே தம் கடமை எனக் குடும்பத்தார் கருதினர். நெடுங்காலம் விலை கூடக் குறிக்கப்பெறவில்லை. உண்டவர் விரும்பியதைக் கொடுத்துச் சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே தட்டுக்கு இவ்வளவு என்னும் வழக்கம் வந்தது.

பழமை பேணுவோர் மாற்றத்தை வெறுப்பர் என எண்ணிவிடலாகாது. கடையிலுள்ள கிணற்று நீரைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாதெனச் சுகாதார அதிகாரிகள் விதித்தபோது குடும்பத்தார் அதற்கு இணங்கினர். அரிசி இடிப்பதற்குச் சமையலறையிலே இயந்திரம் ஒன்றும் வந்துவிட்டது. ஆனால், வீடு தேடி உணவு கொண்டு செல்லும் நிறுவனமொன்று 2020இல் அழைத்தபோது அவர்கள் மறுத்துவிட்டனர். ஆலயத்துக்கு வருவோரை அமர்த்தி, சுடச்சுட அளிப்பதற்காக ஏற்பட்ட கடை அல்லவா அது? எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் இவ்விவேகமே அக்குடும்பத்தின் உண்மையான முதுசொம் எனலாம்.

எதிரேயுள்ள கசாரியா என்னும் கடையும் சில நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது. அங்கும் இதே பண்டந்தான். ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. இரண்டும் ஒரே ஒழுங்கையில் புகைந்துகொண்டிருக்கின்றன. அடியவர் தத்தம் விருப்பப்படி நுழைகின்றனர்.

பிள்ளைகளுக்குக் காணியும் வீடும் தேடி வைப்பதையே முதுசொம் என நாம் கொள்கின்றோம். இங்கே ஒரு குடும்பம் விட்டுச் சென்றிருப்பது தன் மக்களுக்கு ஒரு கடமையும், ஊராருக்கு ஓர் இருப்பிடமும் ஆகும். ஒரு தலைமுறையேனும் சலித்து எழுந்துவிட்டிருந்தால் அத்தணல் அன்றே அணைந்திருக்கும். ஆயினும் ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் விடியலில் எழுந்து கரியை மூட்டியிருக்கின்றார்.