பெரிய வாய்க்காலுக்கு மேற்கே

டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கு லோக்கலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாய்ந்து நிற்க இடம் கிடைத்தால் படிக்கலாம். ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை அப்படித்தான் முடித்தேன். முதலில் வெ. ஸ்ரீராமின் தமிழில், பிறகு, மும்பை அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து மூன்று வருடம் கழித்து, அகராதியும் கையுமாக பிரெஞ்சில்.

வகுப்பில் எல்லோருக்கும் பாரிஸ் கனவு. பாடப் புத்தகமும் காபிக் கடை, மெட்ரோ, ஈபெல் கோபுரம் என்றே போனது. என் சேமிப்புக்கு எட்டியதோ கல்யாணில் ஏறும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ். “பிரெஞ்சு படிக்கப் பாண்டிச்சேரிக்கா?” என்று அப்பா சிரித்தார்.

மே மாத நண்பகலில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்றபோது அந்த நாவல் புரிந்தது. 1942இல் வெளியான அந்தக் கதை நடப்பது பாரிஸில் அல்ல, பிரான்ஸின் பிடியிலிருந்த அல்ஜீரியாவில். வெயில் கண்ணைக் குத்துகிறது, கடற்கரையில் ஒருவன் ஓர் அரபியைச் சுட்டுவிடுகிறான். சுட்டவனின் மனதைக் காம்யு அணு அணுவாகச் சொல்கிறார். செத்தவனுக்குப் பெயரே கிடையாது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் தனியாக ஒரு நாவல் எழுதித்தான் அவனுக்குப் பெயர் வைத்தார்.

புதுச்சேரியிலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கிழக்கிலேயே மஞ்சள் சுவர்களைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேற்கே ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, வியாபாரம், கவர்னர் மனைவியின் தலையீடு, 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டது, எல்லாம் ஆள் பெயரோடு இருக்கின்றன. நாவலாசிரியர் இல்லைதான். ஆனால் பிரெஞ்சுக்காரர்களை இவ்வளவு பக்கத்திலிருந்து, பயமும் மரியாதையும் எரிச்சலும் கலந்து பார்த்த எழுத்து எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

டீக்கடையில் ஓய்வுபெற்ற ‘சொல்தா’ ஒருவர் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஊரில் அதுதான் பெயர்) கடைக்காரரிடம் தமிழில் சர்க்கரை கம்மியாகக் கேட்டுவிட்டு, என்னிடம் பிரெஞ்சில் ஊர் எதுவென்று விசாரித்தார். டோம்பிவிலி என்றேன். அதைப் பிரெஞ்சு ஊர் போலவே உச்சரித்தார்.

அப்பாவிடம் இப்போது பாரிஸுக்கும் சேர்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் நாட்குறிப்புக்கு ஆரியேல் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த நகல் அங்கே தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஈபெல் கோபுரம் அதற்குப் பிறகுதான்.