கள்ளிக்குப்பம்: மோட்டார்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகள்

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது கள்ளிக்குப்பம். பெயரில்தான் கள்ளியும் குப்பமும். இன்று அங்கே வீடுகளும் கடைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது இந்தப் பகுதியும் சென்னைக்குள் வந்தது.

இந்த வட்டாரமே ஒரு பெரிய பட்டறை. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது அம்பத்தூரில்தான். 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. பக்கத்து ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. கொஞ்சம் தள்ளி, பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டிகள் தயாராகின்றன.

ஆனால், இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம். அப்பாவோ அம்மாவோ ஷிப்டுக்குப் போய் வருவார்கள். உள்ளே என்ன சுற்றுகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. மின்மோட்டார் என்றால் அறிவியல் புத்தகத்தில் ஒரு படம். பாகங்களைக் குறித்தால் மதிப்பெண்.

இந்தச் சுவரைத் தாண்ட பெரிய செலவு எதுவும் வேண்டாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மிச்சமாகும் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரு மீட்டர், டார்ச் லைட் பேட்டரி ஒன்று, இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்டு, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய சின்னக் காந்தம், ஒரு துண்டு உப்புத்தாள். இவ்வளவுதான்.

கம்பியைப் பேட்டரி மேல் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, வளையமாக எடுத்து, இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் நேராக நீட்ட வேண்டும். பேட்டரியைப் படுக்க வைத்து, இரு முனையிலும் ஒவ்வொரு ஊக்கை ரப்பர் பேண்டால் இறுக்கினால் இரண்டு கால்கள் தயார். நடுவில் பேட்டரி மேல் காந்தம். கம்பி வளையத்தின் முனைகள் ஊக்குகளின் துளையில் உட்கார வேண்டும்.

பெரும்பாலும் முதல் தடவை சுற்றாது. பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

எனாமலைச் சுரண்டாவிட்டால் மின்சாரமே பாயாது. இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டினாலோ, வளையம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும். ஏன்? மின்சாரம் ஓடும்போது வளையமும் காந்தமாகிறது; கீழே இருக்கும் காந்தம் அதைத் தள்ளுகிறது. அரைச் சுற்று ஆனதும் அதே தள்ளல் எதிர்த்திசைக்கு மாறிவிடுகிறது. அதனால் ஒரு முனையை முழுக்கச் சுரண்ட வேண்டும். வளையத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு மறு முனையின் மேல்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். பாதிச் சுற்றில் மின்சாரம் தள்ளும், மீதிப் பாதியில் வளையம் வந்த வேகத்திலேயே ஓடிவிடும். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

வீட்டு மிக்ஸியிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். கடைக்காரர் ‘கார்பன் தேய்ந்துவிட்டது’ என்று மாற்றித் தருகிறாரே, அந்தக் கார்பன் துண்டுகள்தான் சுற்றும் பாகத்தைத் தொட்டபடி, சரியான நேரத்தில் மின்சாரத்தைத் திசை மாற்றிக் கொடுக்கின்றன.

ஒரே எச்சரிக்கை: கம்பி சீக்கிரம் சூடாகும், சுற்றாமல் நின்றால் உடனே எடுத்துவிட வேண்டும். வீட்டு பிளக் பாயின்ட் பக்கம் போகவே கூடாது.

இப்படிக் கையால் செய்து கற்பது இன்று பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கான ‘வானவில் மன்றம்’ 2022 நவம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோளுக்காக நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சின்னச் சின்னக் கருவிகளைச் செய்தார்கள். மதுரை அருகே திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்டபோது ராக்கெட் சரியான பாதையில் விடாததால் செயற்கைக்கோள் வீணானது. உழைப்பு முழுதும் போனதே என்று யாரும் மூட்டை கட்டவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ‘ஆசாதிசாட்-2’ சுற்றுப்பாதையை அடைந்தது.

ஊக்கு மோட்டார் நின்றுபோகும்போதும் அதே பொறுமைதான் தேவை. பிள்ளை திணறுவதைப் பார்த்ததும் பெரியவர்களின் கை தானாக நீளும். கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். ‘எந்தப் பக்கம் சுரண்டினாய்?’ என்ற ஒரு கேள்வி போதும். மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த முறை மிக்ஸி மக்கர் செய்தால் கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். கார்பன் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தேய்ந்துபோன பழைய துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.