கணக்கில் வராத எரிபொருள்

நடுக்கடலுக்கு மேல் பறக்கும் விமானத்தில் எரிபொருள் குறைவது வியப்பன்று. ஒவ்வொரு நிமிடமும் அது குறையத்தான் வேண்டும். இயந்திரங்கள் உண்டதைவிட மிகுதியாகக் குறையும்போதுதான் வினா எழுகிறது. அவ்வினாவை இருவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று கூறும் போர்த்துகீசிய விசாரணை அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

2001 ஆகஸ்டு 24. டொரன்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் 306 பேர் இருந்தனர். புறப்படும்போது தொட்டிகளில் ஏறத்தாழ 47 டன் எரிபொருள். விதிகள் கோரியதைவிடக் கூடுதல். வலப்புற இயந்திரம் சில நாட்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அப்போது ஒன்றோடொன்று பொருந்தாத உறுப்புகளை இணைத்துவிட்டதால் எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் உரசின. அவ்வுரசலில் எரிபொருள் குழாய் விரிசல் கண்டது.

முதல் அறிகுறி எரிபொருள் அளவில் தோன்றவில்லை. வலப்புற இயந்திரத்தின் எண்ணெய் வெப்பம் தாழ்ந்தும் அழுத்தம் உயர்ந்தும் காணப்பட்டன. இதை எரிபொருள் இழப்போடு யாரால் இணைத்துப் பார்க்க இயலும்? அரைமணி கழித்து, இரு இறக்கைத் தொட்டிகளின் அளவும் சமமாக இல்லை என்று திரை அறிவித்தது. சமமில்லை என்றுதான் அது சொன்னது. ஒழுகுகிறது என்று சொல்லவில்லை. தலைமை விமானி ராபர்ட் பிஷேயும் துணை விமானி டிர்க் டி ஜாகரும் நினைவிலிருந்த முறைப்படி இடைவால்வைத் திறந்தனர். இடப்பக்கத் தொட்டியின் நல்ல எரிபொருளும் வலப்பக்க விரிசலை நோக்கி ஓடலாயிற்று. கசிவு உண்டா என முதலில் ஐயுறச் சொல்லும் எச்சரிக்கை கையேட்டில் இருந்தது. அந்தப் பக்கம்தான் புரட்டப்படவில்லை.

நான் ஒரு பேருந்துப் பணிமனையில் டீசல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வழங்கியதும் இருப்பும் சேர்ந்து வரவுக்கு ஈடாக வேண்டும் என்பதே எங்கள் பிழைப்பு. ஈடாகாத நாளில் எல்லோரும் முதலில் ஐயுறுவது கூட்டலைத்தான், அடுத்து அளவுகோலை. தொட்டியின் அடியில் மண் நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் அரிது. ஆதலால் அவ்விரு விமானிகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. திரை காட்டிய எண் நம்பத்தக்கதாய் இல்லை. கணினிதான் பிழை செய்கிறதோ என அவர்கள் கருதினர். பணியாளர்கள் சன்னல் வழியே இறக்கைகளை நோக்கினர்; இருளில் ஒன்றும் தெரியவில்லை. எனினும் செலவானதையும் எஞ்சியதையும் கூட்டிப் புறப்பட்ட அளவோடு ஒப்பிடும் எளிய கணக்கு ஒன்று அவர்கள் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது.

நம்பாவிட்டாலும் அவர்கள் ஒன்றைச் செய்தனர். காரணம் விளங்கும்வரை காத்திராமல், அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜஸ் விமானத்தளத்தை நோக்கி விமானத்தைத் திருப்பினர். அத்தனை பேரையும் காத்தது அந்தத் திருப்பமே என்பது என் எண்ணம். பின்னர் வந்த புகழுரைகள் பெரும்பாலும் இறுதி நிமிடங்களையே பாடின.

உலக நேரப்படி காலை 6:13-க்கு வலப்புற இயந்திரமும் 6:26-க்கு இடப்புற இயந்திரமும் அணைந்தன. தரைக்கு இன்னும் சுமார் 120 கிலோமீட்டர். காற்றால் சுழலும் சிறு சுழலி தந்த ஆற்றலைக் கொண்டு பத்தொன்பது நிமிடங்கள் விமானம் ஓசையின்றி மிதந்து இறங்கியது. ஓடுதளத்தை நெருங்கியபோது உயரம் மிகுதியாக இருந்தமையால் பிஷே ஒருமுறை முழுவட்டம் அடித்தார். 6:45-க்கு, வழக்கத்தை மீறிய வேகத்தில் சக்கரங்கள் தரையைத் தொட்டன, டயர்கள் வெடித்தன. வெளியேறுகையில் பதினெண்மர் காயமுற்றனர். உயிரிழப்பு இல்லை.

இதன்பின் அவ்வகை விமானங்களின் கையேடு திருத்தப்பட்டது. இடைவால்வைத் திறக்குமுன், எரிபொருள் எங்கேனும் ஒழுகுகிறதா என்று விமானி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் இன்னும் அழுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது.