உறைக்குள் ஓர் உறை



கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எழுத்தும் படமும்தான் வருதுன்னு நினைக்கிறோம். அதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியாத சில வரிகள் வரும். அதுதான் ஹெடர். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் உருவாக்கிய முதல் முறையில் ஹெடரே கிடையாது. 1996-இல் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.0-இல் அது இருந்தது. முதலில் ஓர் எண் வரும். 200 என்றால் பக்கம் கிடைத்தது, 404 என்றால் இல்லை. அப்புறம் வருவது எழுத்தா, படமா என்று சொல்லும் 'கன்டென்ட்-டைப்' போன்ற ஹெடர்கள். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குக் கீழேதான் பக்கம்.

எங்க அக்கா கல்லூரியில் கணினி படிக்கிறாங்க. மடிக்கணினியிலேயே அப்பாச்சி சர்வர் போட்டு ப்ராஜெக்ட் செஞ்சாங்க. ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு சின்ன நிரலைச் சேர்த்திருந்தாங்க. அது வணக்கம் சொல்லணும், வந்தவர் பெயரை நினைவில் வைக்க 'குக்கி'யும் அனுப்பணும். நிரலைத் தனியாகத் திறந்தால் குக்கி வருது. பக்கத்துக்குள் சேர்த்தால் வணக்கம் மட்டும் வருது, குக்கி வரல! மறுநாள் கல்லூரியில் காட்டணும். அம்மா, "விளக்கை அணைச்சுட்டுப் படுங்கடி"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.

எஃப்12 அழுத்தி, வந்த ஹெடர்களை நானும் அக்காவும் வரிவரியாகப் பார்த்தோம். குக்கி வரியே இல்லை. அப்பதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஒரு கடிதத்துக்குள் இன்னொரு உறையை வைத்தால், உள் உறையில் எழுதியதைத் தபால்காரர் படிப்பாரா? வெளி உறையைத்தான் படிப்பார். அதேபோல, உள்ளே சேர்த்த நிரலின் எழுத்தை மட்டும் சர்வர் எடுத்துக்கொள்கிறது. அதன் ஹெடரை விட்டுவிடுகிறது. அதுக்காக நிரலில் ஹெடரே வேண்டாம்னு நீக்கவும் முடியாது. ஹெடர் இல்லாத நிரலைத் தனியாகத் திறந்தால் 500 என்ற பிழைதான் வரும்.

அக்கா, முழுப் பக்கத்தையும் அந்த நிரலே எழுதும்படி மாத்தினாங்க. குக்கி வரியை வெற்று வரிக்கு மேலே வெச்சாங்க. உடனே வேலை செஞ்சுது! அப்போது மணி பதினொன்றரை.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க எங்க தெருவில் இருக்காங்க. நாங்க பதில் சொல்லல. அக்கா மறுநாள் அதைக் கல்லூரியில் காட்டிட்டு வந்தாங்க, அதுவே பதில். நானும் பெரியவளாகி இதையே படிக்கப் போகிறேன்.

சொல்ல வேண்டியதை உரிய இடத்தில், உரிய நேரத்தில் சொன்னால்தான் போய்ச் சேரும். இது கணினிக்கு மட்டுமல்ல, நமக்கும் பொருந்தும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி