வண்டி எங்கே என்று யார் கேட்கலாம்?

சிங்கப்பூரில் பதிவான ஏறத்தாழ பத்து லட்சம் வண்டிகளிலும் செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் அறியும் கருவியைப் பூட்டும் வேலை 2023 நவம்பரில் தொடங்கியது. 1998-இல் வந்த மின்னியல் சாலைக் கட்டண முறைக்கு இது அடுத்த கட்டம். கருவி கட்டாயம். என் காரில் மூன்று துண்டுகளாகப் பூட்டினார்கள்: கண்ணாடியில் ஆன்டெனா, அதன் பக்கத்தில் சின்னத் திரை, இடப்பக்கம் உட்காருபவரின் கால்மாட்டில் ஒரு பெட்டி. வீட்டுக்காரிக்குக் கால் நீட்டக்கூட அந்தப் பெட்டி இடைஞ்சல்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் ஊரான நாகூர், கப்பலேறிப் பிழைக்கப் போன சபுராளிகளின் ஊர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் பினாங்கில் இறங்கினாரா, சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கடுதாசி வரும்வரை வீடு தவித்துக் கிடக்கும். ஆள் எங்கே என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எங்கள் உம்மாமார்களிடம் கேட்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்தத் தவிப்பு இன்னும் தீரவில்லை. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்டப் படகுகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கரையில் யாராலும் சொல்ல முடியவில்லை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. செல்போன் சிக்னல் எட்டாத கடலிலிருந்தும் அதில் செய்தி அனுப்பலாம். எங்கள் ஊர் மீனவர் பகுதியான பட்டினச்சேரியின் படகுகளுக்கும் அது வேண்டும். ஆனால் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கிற அதே கருவி, எல்லை தாண்டியதற்குச் சாட்சியாகவும் நிற்கக்கூடும். இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பயம் வராதா?

தரையிலும் கதை இதுதான். 2012 டிசம்பரில் டெல்லி பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகே பொதுப் பயணிகள் வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2016-இல் அதற்கு விதி வந்தது. ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் அதில் விலக்கு உண்டு. தர்காவின் கந்தூரி விழா நேரத்தில் ராத்திரி முழுக்க வெளியூர் வேன்கள் நாகூருக்குள் வந்துகொண்டே இருக்கும். முன்பின் தெரியாத டிரைவரை நம்பிக் குழந்தை குட்டிகளோடு ஏறுகிற வண்டி எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதுதான்.

சொந்த வண்டி அப்படியல்ல. நான் தர்காவுக்குப் போனேனா, டாக்டரிடம் போனேனா, எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனேன் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் சிங்கப்பூர் அரசு கொண்டுவந்த டிரேஸ்டுகெதர் செயலி தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்றார்கள். குற்ற விசாரணைக்கும் போலீஸ் அந்தத் தகவலை எடுக்கலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. வழக்கில் சிக்கியவருக்கே அந்த உரிமை உண்டென்றால், குற்றமே செய்யாதவர் காருக்கும் பைக்குக்கும் ஏன் கட்டாயமாக்க வேண்டும்? 2023-இல் இந்தியாவில் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு விரும்பும் அமைப்புகளுக்கு விலக்குத் தர இடம் வைத்திருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் சொந்த வண்டியில் கைவைக்கக் கூடாது என்பதே என் முடிவு.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் போகும் பள்ளி வேனில் கருவி இருக்கிறதா, பிள்ளை நேரத்துக்கு வராவிட்டால் அதை யார் பார்த்துச் சொல்வார்கள் என்று பள்ளியில் கேளுங்கள். உங்கள் சொந்த வண்டிக்கும் கட்டாயம் என்று நாளை ஓர் ஆணை வந்தால், அந்தத் தகவலை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் பதில் வாங்காமல் விடாதீர்கள்.