மணக்கோலமும் நிழற்படமும்

மணவிழா ஒரு பகலில் முடிந்துவிடுகின்றது. அதன் நிழற்படமோ அவ்விழாவைக் காணாதவர்க்கும் அதனைக் காட்டி நிற்கின்றது. ஆதலின், எத்தகைய படம் மணமக்களுக்குப் பொருந்தும் என்ற வினா ஆடம்பரம் பற்றியது மட்டுமன்று. பிற்காலத்தில் எவர் அதனைப் பார்ப்பர், எவர் முகத்தை அதிலே தேடுவர் என்பனவும் அதனுள் அடங்கும்.

எங்கள் ஊராகிய கொண்டச்சியில் இவ்வினா தனிக்கனம் பெறுகின்றது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எம்மவர் கையிற் கொண்டுசெல்லக்கூடிய சில பொருட்களுடன் புத்தளம் நோக்கிப் புறப்பட்டனர். உம்மும்மாவின் மணப்படம் வீட்டுச் சுவரிலேயே தங்கிவிட்டது. 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தபோது அச்சுவரும் இருக்கவில்லை. மூத்தவாப்பாவின் இளமைத் தோற்றத்தை நாங்கள் உம்மும்மாவின் வாய்மொழியால் மட்டுமே அறிவோம்.

சென்ற ஆண்டு என் ராத்தாவின் திருமணம் நிச்சயமானபோது, படப்பிடிப்பாளர் மூன்று முறைகளை எடுத்துரைத்தார். முதலாவது, மணமக்களையும் உறவினரையும் நிரையாக நிறுத்தி எடுக்கும் பழைய முறை. இரண்டாவது, எவரையும் நிறுத்தாது நிகழ்வை நிகழ்ந்தவாறே பிடிக்கும் முறை. மூன்றாவது, இயற்கைக் காட்சியின் முன் மணமக்களைத் திரைப்பட நாயகர்போற் புனைந்து காட்டும் முறை.

இறுதி முறைக்கு எங்கள் கரையில் இடப்பஞ்சமில்லை. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பிலே கட்டுவித்த மாளிகை, இன்று கடலோரத்தில் இடிந்து நிற்கின்றது. மாலைச் சூரியன் அங்கே கடலில் இறங்கும் காட்சி அழகியது. மாப்பிள்ளை அதனையே விரும்பினார்.

நிகழ்ந்தவாறே எடுப்பதுதான் உண்மையான படம் என்றனர் நண்பர் சிலர். ஆயின் எங்கள் வழக்கில் நிக்காஹ், மணமகனுக்கும் மணமகளின் வலியாகிய தந்தைக்கும் இடையே பள்ளிவாசலில் நடைபெறும், மணமகள் வீட்டிலிருப்பாள். அந்நிகழ்வை மாத்திரம் பின்தொடரும் கமரா, மணமகள் இல்லாத மணப்படத்தையே தரும். நிறுத்தி எடுப்பதெல்லாம் பொய்யென்று கொள்ளவும் இயலாது. விக்ரோறியா மகாராணி 1840இல் மணம்புரிந்தபோது படம் எடுக்கப்படவில்லை. அவரும் அல்பேட் இளவரசரும் 1854இல் கமராவின் முன் நின்ற படங்களே பின்னாளிற் பலரால் மணப்படங்களெனக் கருதப்பட்டன.

ராத்தா சொன்னது சுருக்கமானது: “உம்மும்மா இருக்கக்குள்ளயே எல்லாரும் ஒண்டா நிக்கிற படம் ஒண்டு வேணும்.”

அவ்வாறே வெயில் கடுக்குமுன், ஊர் திரும்பியோரும் புத்தளத்திலேயே தங்கிவிட்டோரும் வேப்பமர நிழலிற் குடும்பம் குடும்பமாக நின்றனர். நிக்காஹ் நிகழ்ந்தவாறே எடுக்கப்பட்டது. மணமகளைப் பெண்ணொருவர் வீட்டினுள்ளே படம்பிடித்தார். அப்படங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாகாது என முன்னரே எழுதிக்கொண்டோம். மறுவாரம் மணமக்கள் அரிப்புக்குச் சென்றனர். மாப்பிள்ளையின் விருப்பமும் நிறைவேறியது. குடும்பப் படத்தின் பின்புறத்தில் அனைவரின் பெயர்களையும் எழுதி, ஒரு பிரதியைக் கொண்டச்சியிலும் மற்றொன்றைப் புத்தளத்திலும் வைத்துள்ளோம்.

மாதிரித் தொகுப்புகளைப் புரட்டுமுன், தம் குடும்பத்தில் எவருடைய முகத்துக்குப் படமில்லை என்பதை மணமக்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. பொருத்தமான முறை எதுவென்பது பெரும்பாலும் அங்கேயே தெளிவாகிவிடும்.